எவர்சில்வர் கிடாருக்கு வந்த பெட்டி

என்னோடு படித்த பிள்ளைகளின் அப்பாக்கள் விவசாயம் பார்த்தார்கள், ஜீப்பு ஓட்டினார்கள், போடியில் ஏலக்காய்க் கடைகளில் வேலை பார்த்தார்கள். என் அப்பாவும் சிலமலையில் தென்னையும் வெங்காயமும் போட்ட விவசாயிதான். ஆனால் யாராவது கேட்டால் நான் அதைச் சொல்வதில்லை. “எங்கப்பா கிடாரு” என்பேன். கிடார் வாசிக்கிறவர் என்றுகூட நீட்டுவதில்லை. அப்படிச் சொன்னால் வேறு ஏதோ வேலைக்கு நடுவே அதையும் செய்கிறவர் என்று ஆகிவிடும் என்பது என் எண்ணம்.

போடியில் ஓர் இன்னிசைக் குழு இருந்தது. கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு, கட்சிக்காரர் வீட்டுக் காதுகுத்து என்று தேனி, கம்பம் வரை போய்வரும். அதில் அப்பா எலெக்ட்ரிக் கிடார் வாசித்தார். கல்லூரிக்காக மதுரைக்குப் போனவர் பட்டத்தோடு அதையும் கற்றுக்கொண்டு வந்தார். பட்டம் எங்கே இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கிடார் பீரோவின் மேல் உறைக்குள் இருந்தது.

கிடாரைவிட எனக்குப் பெருமை அதன் பெட்டிதான். எலெக்ட்ரிக் கிடாரைத் தனியாக வாசித்தால் கொசு பறப்பதுபோல்தான் கேட்கும். ஆம்ப்ளி என்று அப்பா சொல்லும் அந்தப் பெட்டியில் மாட்டினால்தான் அதற்கு உயிர் வரும். எங்கள் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வருவதற்கு முன்பே ஃப்ரிட்ஜ் கனத்தில் அது வந்துவிட்டது. கறுப்புத் தோல் போர்த்தி, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த பெட்டி. ஓர் ஆளால் அதை அசைக்க முடியாது. சத்தத்தைக் கூட்டினால் உள்ளிருந்து ஒரு கரகரப்பு வரும். அந்தக் கரகரப்பில் விசில் பறக்கும் என்று குழுவில் சொல்வார்கள். வீட்டில் அதன்மேல் அம்மா துவைத்த துணிகளை மடித்து வைத்திருப்பாள்.

ஒரு மழை நாளில், கச்சேரி முடிந்து வேனிலிருந்து இறக்கும்போது மறுபக்கம் பிடித்திருந்தவருக்குக் கால் வழுக்கிவிட்டது. பெட்டியைக் கீழே விட அப்பாவுக்கு மனம் வரவில்லை. முழுக் கனத்தையும் தானே தாங்கினார். பெட்டிக்கு ஒரு கீறல் விழவில்லை. அப்பாவுக்கு முதுகெலும்புத் தட்டு விலகிவிட்டது.

தேனியில் பார்த்த டாக்டர் தண்ணீர்க்குடம்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் நான் இதையும் பெருமையாகவே சொல்லிக்கொண்டேன். ஒரு மனிதரின் முதுகையே ஒடிக்கும் அளவுக்குப் பெரிய பெட்டி வேறு யார் வீட்டில் இருந்தது?

வீட்டில் அவ்வளவு பெருமையாக இல்லை. அப்பா நாள் முழுக்கக் கட்டிலில் கிடந்தார். கொஞ்சம் தேறியதும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தோட்டத்துச் சோலி மொத்தமும் அம்மா கைக்குப் போனது. தெருவில் போகிறவர்கள் நின்று விசாரிப்பார்கள். முதலில் பரிவாகக் கேட்டவர்கள் மாதங்கள் போகப் போக வேறு மாதிரி கேட்டார்கள். “என்ன மாப்ளே, இன்னைக்கும் நாற்காலிதானா?” என்று சிரித்தபடி சைக்கிளை மிதித்துப் போய்விடுவார்கள். அப்பாவும் சிரிப்பார். அவர்கள் தெருவைத் திரும்பியதும் உள்ளே வந்து படுத்துக்கொள்வார்.

குழுவை நடத்தியவர்தான் அதில் முக்கியப் பாடகரும். அப்பா அவரை அண்ணே என்று கூப்பிடுவார், நான் பெரியப்பா என்பேன். அவர் ஒருநாள் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். கெட்ட எண்ணம் இல்லாத மனிதர். ஆறுதல் சொல்லத்தான் வந்திருந்தார்.

“நீ ஒண்ணும் கவலப்படாத தம்பி. புதுசா கீபோர்டுக்கு ஒரு பையன் வந்திருக்கான். ஒரு பட்டனத் தட்டுனா வீணை, இன்னொண்ணத் தட்டுனா நாதஸ்வரம். ஒன்னோட கிடாரும் அதுக்குள்ளயே இருக்கு. கச்சேரி ஒண்ணும் நிக்கல.”

அப்பா தலையாட்டினார். அவர் போன பிறகு, அந்தக் கறுப்புப் பெட்டியைப் போடியில் யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னார். ஒரு மைக் செட்டுக்காரர் ஆட்களோடு வந்து எடுத்துப்போனார். அது இருந்த இடத்தில் தரை மட்டும் சதுரமாகப் புதிதாகத் தெரிந்தது. அம்மாவுக்குத் துணி மடித்துவைக்க இடமில்லாமல் போயிற்று. எனக்கு, பள்ளிக்கூடத்தில் சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று.

அம்மாவின் தம்பி, என் மாமா, கொச்சியில் இசைக்கருவிகள் விற்கும் கடையில் வேலை பார்த்தார். அம்மா அவரிடம் போனில் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. சில வாரங்கள் கழித்து மூணாறு வழியாக வந்த பஸ்ஸில் ஓர் அட்டைப்பெட்டி வந்து சேர்ந்தது. போடி பஸ் ஸ்டாண்டிலிருந்து அம்மா அதை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்துவிட்டாள். உள்ளே ஒரு சின்ன ஆம்ப்ளி. சாம்பல் நிறம், முன்னால் துணி போர்த்திய ஒற்றை ஸ்பீக்கர், மேலே தோல் கைப்பிடி. நான்கூடத் தூக்கிப் பார்த்தேன், தரையிலிருந்து எழும்பியது. எனக்கு மிகுந்த ஏமாற்றமாக இருந்தது.

கூட வந்த அட்டையில் ஸ்டீல் கிடாருக்கு என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்ததை அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“ஸ்டீல் கிடாரா? எவர்சில்வர்ல கிடார் செய்றாகளா?”

படுத்த நாளிலிருந்து அப்பா அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முதுகு வலித்து, பிடித்துக்கொண்டு விளக்கினார். அது வேறு கிடார். மடியில் படுக்கப்போட்டு, இரும்புத் துண்டைக் கம்பிமேல் வைத்து இழைத்து இழைத்து வாசிப்பார்கள். அழுகிற குரல் மாதிரி வரும். இந்தப் பெட்டி அந்த ஆட்களுக்காகச் செய்தது. சொல்லிக்கொண்டே வந்தவருக்கு நடுவில் முகம் மாறிவிட்டது.

“நான் படுத்துக் கெடக்கேன்னு கிடாரையும் படுக்கப் போடச் சொல்றானாக்கும் ஒந்தம்பி.”

 அம்மா பெட்டியைக் கூடத்து மூலையில் வைத்தாள். அதன்மேல் துணி எதையும் வைக்கவில்லை.

ஒரு மதியம் நான் விடுமுறையில் வீட்டில் இருந்தேன். தோட்டத்திலிருந்து வந்த அம்மா கையைக் கழுவிவிட்டு, பீரோவின் மேலிருந்து கிடாரை இறக்கினாள். உறையைக் கழற்றி, வயரைத் தேடி, பெட்டியில் ஒரு முனையும் கிடாரில் ஒரு முனையும் சொருகி, சுவிட்சைப் போட்டாள். அப்பா கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். அம்மா கிடாரை முறத்தைப் பிடிப்பதுபோல் பிடித்து எல்லாக் கம்பிகளையும் ஒருசேர வழித்தாள். வீட்டிலிருந்த பாத்திரம் முழுவதையும் சிமெண்டுத் தரையில் கொட்டியதுபோல் ஒரு சத்தம். இரண்டாம் முறை வழித்தாள். மூன்றாம் முறை கையை ஓங்கும்போது அப்பா எழுந்து வந்துவிட்டார்.

“அத அப்பிடிப் பிடிக்காத. கொண்டா இங்க.”

வாங்கிக்கொண்டவர் திருப்பித் தரவில்லை. அம்மா ஒன்றும் நடக்காதவள்போல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்தப் பெட்டியோடு அப்பாவுக்குச் சட்டென்று ஒத்துப்போகவில்லை. பழைய பெட்டியில் சத்தத்தைக் கூட்டினால் கரகரப்பு வரும் அல்லவா, இதில் எவ்வளவு கூட்டினாலும் வரவில்லை. சத்தம்தான் பெரிதாயிற்றே தவிர குரல் உடையவில்லை. கண்ணாடித் தம்ளரைக் கரண்டியால் தட்டியதுபோல் ஒவ்வொரு சுரமும் பளிச்சென்று தனித்தனியாக வந்து நின்றது. இழைத்து வாசிக்கும் கிடாருக்கு அதுதான் வேண்டுமாம். அப்பாவின் கிடாருக்கு அது வினையாக இருந்தது. விரல் கம்பியில் உரசும் சத்தம், பக்கத்துக் கம்பி தெரியாமல் அதிர்வது, அவசரத்தில் ஒரு சுரத்தை முழுதாகத் தொடாமல் போவது என்று எல்லாமே கேட்டது. பழைய பெட்டி கரகரப்பைப் போர்த்தி அத்தனையையும் மறைத்துவந்திருக்கிறது என்பது அப்பாவுக்கே அப்போதுதான் தெரிந்தது.

“இத்தன வருசம் இப்பிடியா வாசிச்சிருக்கேன்” என்று ஒருநாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. பெட்டிமேல்தான் குற்றம் என்று நான் உறுதியாக நம்பினேன்.

அதன் பிறகு அப்பா அந்தப் பெட்டியோடு மல்லுக்கு நின்றார். சத்தத்தின் கூர்மையைக் கூட்டும் குமிழை அநேகமாக மூடிவைத்தார். கிடாரிலுள்ள குமிழையும் பாதிக்கு இறக்கினார். பெட்டியைத் தரையில் வைத்துப் பார்த்தார், நாற்காலியில் வைத்துப் பார்த்தார், சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்துப் பார்த்தார். மிதித்தால் கரகரப்பு வரும் சின்னக் கட்டை ஒன்று பழைய நாளிலிருந்து அவரிடம் இருந்தது. அதை நடுவில் மாட்டி, இம்மியளவு மட்டும் திறந்துவைத்தார். அப்புறம் விரல்களைத் திருத்த ஆரம்பித்தார். உட்கார முடிகிற அளவுக்கு உட்கார்ந்து, வலித்தால் நின்று, நின்று வலித்தால் சுவரில் சாய்ந்து வாசித்தார். ஒரே வரியைக் காலையிலும் வாசித்தார், நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதும் வாசித்துக்கொண்டிருந்தார்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்.

“அந்த எறக்கத்துல ஒண்ண முழுங்குறீக.”

அவளுக்கு சரிகமபதநி தெரியாது. பாட்டைப் பாடிக் காட்டச் சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். அப்பாவுக்கு முதலில் கோபம் வந்தது. ஒனக்கென்ன தெரியும் என்று கேட்டுவிட்டு, அந்த இறக்கத்தை மெதுவாக வாசித்துப் பார்த்தார். மேலிருந்து இறங்கிவரும் இடத்தில் ஒரு சுரத்தை விழுங்கத்தான் விழுங்கியிருந்தார். அடுத்த நாளிலிருந்து அவரே அடுப்படிப் பக்கம் பார்த்து “இப்ப?” என்று கேட்கத் தொடங்கினார். சரியாக இருந்தால் அம்மா பேசமாட்டாள். பேசாமல் இருப்பதுதான் பாராட்டு.

மாசி மாதத்தில் குரங்கணிக்கு மேலே இருந்த ஓர் ஏலத்தோட்டத்தில் மாரியம்மன் பொங்கல் வந்தது. தோட்டத்து ஆட்களே சேர்ந்து நடத்தும் விழா. அங்கே வேலையாட்களைப் பார்த்துக்கொள்ளும் கங்காணி போடிக்கு வந்து கச்சேரிக்குச் சொன்னபோது, முன்பு ஒருமுறை கீழே திருவிழாவில் வாசித்த கிடார்க்காரர் வருவாரா என்று கேட்டிருக்கிறார். பெரியப்பா அப்பாவுக்குப் போன் செய்தார். ஜீப்பு பாதி வழிதான் போகும், மீதியை நடக்க வேண்டும், கீபோர்டையும் மைக் சாமான்களையும் தூக்கவே ஆள் பத்தாது என்றார்.

“நீ வாரதுன்னா வா தம்பி. பெட்டி கிட்டின்னு இழுத்துட்டு வந்துராத. யாரும் தூக்க முடியாது.”

“பெட்டி வரும்ணே. அதுக்கு நீங்க ஆள் தேட வேண்டாம்” என்றார் அப்பா.

போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். அம்மா, தானும் வருவதாகவும், பிள்ளையைத் தனியாக விட முடியாததால் என்னையும் கூட்டிக்கொள்வதாகவும் சொன்னாள். எனக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

போடியில் குழு மொத்தமும் ஒரே ஜீப்பில் ஏறியது. காலையில் தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்பு அது, திணித்துக்கொண்டு உட்கார்ந்தால் யாரையும் ஏற்றிக்கொள்ளும். கீபோர்டு அண்ணனை வெறுப்பதற்கு நான் தயாராக வந்திருந்தேன். ஆனால் அவர் எனக்கு முன்சீட்டை விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் போய், கீபோர்டைக் கைக்குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கல்லூரி முடிக்காத வயது. அப்பாவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து ஜீப்பின் கம்பியில் தலையை இடித்துக்கொண்டார். வெறுப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டியதாயிற்று.

குரங்கணி தாண்டி ஒரு பாலத்தடியில் ஜீப்பு நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏலச்செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. சாமான்களை ஆளுக்கொன்றாகப் பிரித்தார்கள். அப்பா கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, பெட்டியின் கைப்பிடியை நோக்கிக் குனிந்தார். அவர் கை அதைத் தொடுமுன் அம்மா முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு கூட்டித் தலையில் வைத்துவிட்டாள். பெட்டி ஒரே எம்பில் சும்மாட்டின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மேளக்காரர் ஒருவர் தான் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

“வேண்டாண்ணே. புல்லுக்கட்டவிட லேசாத்தான் இருக்கு. நீங்க வழுக்கி விட்டுட்டீகன்னா நான் யாரக் கேக்க?”

அப்பா முன்னால் நடந்தார். வேகமாக நடக்க அவரால் முடியாது, இருந்தாலும் எல்லோருக்கும் முன்னால் போனார். அம்மா கடைசியில் வந்தாள், ஒரு கையைப் பெட்டியில் வைத்தும் வைக்காமலும். அவள் தலையில் பெட்டியின் சாம்பல் நிறத் துணி வெயில் பட்டுப் பட்டு மறைந்தது. எனக்கு வேடிக்கையாக இருந்தது. அம்மா நடந்தால் கிடாரும் நடக்கிறது என்று ஒரு பாட்டுக் கட்டிப் பாடிக்கொண்டே ஏறினேன். பெரியப்பா என்னை அதட்டினார். அம்மா, பாடட்டும் விடுங்க என்றாள்.

மலையில் இருட்டிவிட்டால் காட்டுமாடு இறங்கும் என்பதால் கச்சேரியை மதியமே தொடங்கிவிடுவது அங்கே வழக்கம். ஏலக்காயைச் சூடேற்றி உலர்த்தும் ஸ்டோருக்கு முன்னால் ஒரு களம். அதில் தார்ப்பாய் விரித்து மேடையாக்கியிருந்தார்கள். எதிரே பள்ளம், பள்ளத்துக்கு அந்தப்புறச் சரிவில் வரிசையாக, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகள். பல தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். காய் எடுக்கும் பெண்கள் நல்ல சேலை கட்டி, தலை நிறையக் கனகாம்பரத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஸ்டோரின் பழைய ஜெனரேட்டரிலிருந்து மின்சாரம் இழுத்திருந்தார்கள். கோயிலின் சீரியல் பல்புகளும் அதிலிருந்தே எரிந்தன. முதல் பக்திப் பாட்டு சரியாகப் போனது. இரண்டாவது பாட்டில் பல்புகள் மங்கின. பெரியப்பாவின் குரல் ஒலிபெருக்கியில் குழறி நின்றது. கீபோர்டு அணைந்து, மறுபடி உயிர்பெற்று, திரையில் தன் பெயரைக் காட்டி, முதலிலிருந்து தொடங்கியது. மீண்டும் வாசிக்கக் கையை வைத்ததும் மீண்டும் அணைந்தது. ஒவ்வொரு முறையும் அது தன் பெயரைச் சொல்லிக்கொண்டு விழித்தபோது கூட்டத்தில் ஒரு சிரிப்பு. கீபோர்டு அண்ணனின் காது மடல்கள் சிவந்துவிட்டன.

சீரியல் பல்புகளை அணைத்தால் கொஞ்சம் தாங்கும் என்று யாரோ சொன்னார்கள். அம்மன் விளக்கை அணைக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஜெனரேட்டரைக் குனிந்து பார்க்க ஆறேழு பேர் போனார்கள். பின்வரிசையில் ஆட்கள் எழுந்து வேட்டியைத் தட்டத் தொடங்கினார்கள். தூரத்துத் தோட்டத்துக்காரர்கள் பொழுதோடு திரும்ப வேண்டும். பெரியப்பா செத்துப்போன மைக்கைப் பிடித்தபடி கங்காணியைப் பார்த்தார், கங்காணி மலையைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு அது கண்ணில் பட்டது. கவிழ்த்த காய்க்கூடையின்மேல் வைத்திருந்த எங்கள் பெட்டியின் சிவப்பு விளக்கு மட்டும் அணையவேயில்லை.

அப்பாவும் பார்த்தார். கம்பியை ஒருமுறை சுண்டினார். சத்தம் குறையவில்லை. எவ்வளவு மோசமான மின்சாரம் வந்தாலும் அது சமாளித்துக்கொள்ளும் என்று மாமா பிற்பாடு போனில் சொன்னார். அன்று களத்தில் இருந்த யாருக்கும் அது தெரியாது. அப்பா யாரையும் கேட்கவில்லை. நின்றுபோன பாட்டை, அது நின்ற வரியிலிருந்தே கிடாரில் எடுத்தார்.

பாடவேண்டிய வரிகளைக் கிடார் பாடியது. எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டு. மேளமில்லை, வேறு எதுவுமில்லை. வீட்டில் எங்களைப் பாடாய்ப் படுத்திய அந்தப் பளிச்சென்ற குரல், நான்கு சுவரைத் தாண்டியதும் வேறொன்றாக ஆகியிருந்தது. சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பள்ளத்துக்கு மேலே நடந்துபோவதைப்போல் போயின. பழைய பெட்டியாக இருந்திருந்தால் கரகரவென்று களத்திலேயே சுற்றிக்கொண்டு இருந்திருக்கும். எதிர்ச் சரிவில் லைன் வீடுகளின் கதவுகள் திறந்தன. விழாவுக்கு வராமல் இருந்தவர்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். ஒருவர் துண்டை எடுத்து வீசிக் காட்டினார்.

எழுந்தவர்கள் நின்றார்கள். நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். முன்வரிசைப் பெண்கள் மெல்லப் பாடத் தொடங்கினார்கள். என் பக்கத்திலிருந்த ஒருத்தி, எல்லைக்கு அந்தப்புறம் கேரளத்தில் வேலைபார்த்துப் பழகியவள், “அடிபொளி” என்று மலையாளத்தில் மெச்சி கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். நான் அவள் தோளைத் தட்டி, அது எங்கப்பா என்றேன். அவளுக்கு அடுத்தவளிடமும் சொன்னேன். அதற்கு முன்வரிசையிலும் போய்ச் சொன்னேன்.

அந்த இறக்கம் வந்தது. அடுப்படியிலிருந்து எத்தனையோ முறை அம்மா குறை சொன்ன அதே இறக்கம். அப்பா கம்பியைப் பார்க்கவில்லை, ஓரமாகத் தூணில் சாய்ந்து நின்ற அம்மாவைப் பார்த்தார். ஒவ்வொரு படியிலும் கால் பதித்து இறங்குகிறவரைப்போல் விரல்கள் இறங்கின. அம்மா பேசாமல் நின்றாள்.

பாட்டு முடிந்து எழுந்த சத்தத்தில் ஸ்டோரின் தகரம் அதிர்ந்தது. பெரியப்பா தம்பி தம்பி என்று வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அப்பா கையை விடுவித்துக்கொண்டு, தலைகுனிந்து உட்கார்ந்திருந்த கீபோர்டு அண்ணனிடம் போனார். இதைக் கரண்டு இல்லாமல் ஓட்ட வழி உண்டா என்று கேட்டார். அடியில் பேட்டரிக் கட்டை போடும் இடம் இருக்கிறது, தான் ஒருநாளும் போட்டதில்லை, இந்த மலையில் அத்தனை கட்டைக்கு எங்கே போவது என்றார் அவர்.

“இருட்டுனாலும் இருட்டும்னு டார்ச்சோட வர்ற ஊருய்யா இது” என்று அப்பா கூட்டத்தைக் காட்டினார்.

கங்காணி எழுந்து கேட்டதுதான் தாமதம், ஆளாளுக்கு டார்ச் லைட்டைத் திருகிக் கட்டையை எடுத்து நீட்டினார்கள். ஒரு பாட்டையா தன் கட்டையில் ஒன்று புதிது, ஒன்று பழையது, கலந்துபோட வேண்டாம் என்று விளக்கமாகச் சொல்லிக் கொடுத்தார். கீபோர்டு விழித்துத் தன் பெயரைச் சொன்னது. அதன் வயரைச் சொருக இடம் தேடியபோது, அப்பா எங்கள் பெட்டியில் தன் வயருக்குப் பக்கத்திலிருந்த இரண்டாவது துளையைக் காட்டினார்.

“இங்க மாட்டு தம்பி. ரெண்டு பேரையும் தாங்கும்.”

கீபோர்டு அண்ணன் தயங்கினார். எனக்கும் தயக்கமாகத்தான் இருந்தது. எங்கள் பெட்டியில் எங்கள் கிடாரின் இடத்தைப் பிடித்தவருக்குப் பங்கா? ஆனால் அவர் மாட்டி, அடியில் மெல்லிய வயலின் குரலைக் கொடுக்க, அப்பா அதன்மேல் வாசிக்க, பெரியப்பா மைக்கைத் தூர வைத்துவிட்டுத் தொண்டையைத் திறந்து பாட, அன்று மாலை அந்தக் களத்தில் நடந்ததுபோல் ஒரு கச்சேரியை நான் இன்றுவரை கேட்கவில்லை. அந்த ஒரு சின்னப் பெட்டி மொத்தக் குழுவையும் சுமந்தது. கிடாருக்கு உள்ள பட்டனைக் கீபோர்டு அண்ணன் ஒருமுறைகூடத் தொடவில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே முடித்துக் கட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். யாருடையது எது என்று தெரியாமல் கொஞ்சம் சண்டையும் நடந்தது. கட்டை தீர்ந்து எரியாத டார்ச்சோடு போனவர்கள்கூட அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். பெரியப்பா, அடுத்த மாதம் வீரபாண்டியில் கச்சேரி இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னார். இரண்டடி போய்த் திரும்பி, “பெட்டியோட வந்துரு” என்றார்.

கங்காணி வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலை இறங்கினோம். இறக்கத்திலும் பெட்டி அம்மாவின் தலையில்தான் வந்தது. போடி வரை ஜீப்பு, அங்கிருந்து சிலமலைக்குப் பஸ். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டாள். அப்பா தோளில் கிடார். காலை நேரம், தண்ணீர் வரும் நேரம். குழாயடியில் பெண்கள், டீக்கடை பெஞ்சில் ஆண்கள் என்று எங்கள் தெரு முழுக்க ஆட்கள் இருந்தார்கள்.

தெரு திரும்பும் வேப்பமரத்தடியில் அம்மா நின்றாள். பெட்டியைக் கீழே வைத்தாள். அப்பாவின் தோளிலிருந்து கிடாரைத் தானே கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.  அப்பா மெதுவாக, முழங்காலை மடக்கி, முதுகை வளைக்காமல் இறங்கிப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். ஒரு நிமிடம் அப்படியே நின்று மூச்சு விட்டுவிட்டுத் தெருவுக்குள் நடந்தார்.

டீக்கடையிலிருந்து, “என்ன மாப்ளே, கச்சேரியா?” என்று யாரோ கேட்டார்கள். ஆமா மாமா, மலையில என்று நடந்துகொண்டே சொன்னார் அப்பா. குழாயடியில் குடங்கள் ஒதுங்கி வழிவிட்டன. அம்மா அவருக்கு இரண்டடி பின்னால் போனாள், பெட்டியையே பார்த்துக்கொண்டு, கையை லேசாக முன்னால் நீட்டியபடி.

அவ்வளவு தூரம் மலையேறி இறங்கித் தூக்கிவந்தவள், வீடு நாலு எட்டில் இருக்கும்போது எதற்காகக் கைமாற்றினாள் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்குக் கை வலித்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, அவர்களை முந்திக்கொண்டு கதவைத் திறக்க ஓடினேன்.